மூன்றாம் மாடியில் விட்டுப்போனது

டெவின் ரூஸ் மூன்று மாத வாடகை பாக்கி வைத்து
ஜனவரி இரவொன்றில் டுலூத்தை விட்டுப் போனான்.
கட்டிலைக் கொண்டுபோனான், திரைச்சீலைக் கம்பியைக்கூட.
கண்ணாடிப் பெட்டியை விட்டுவிட்டான்.
பீட்சா அட்டையின் பின்புறம் எழுதியிருந்தான்:
"பெயர் பார்பரா. பத்து நாளுக்கு ஒரு எலி.
முதல் வாரம் தூக்க வேண்டாம். மன்னிக்கவும்."
அந்த மன்னிப்பு எனக்கா, அதற்கா?

நான் இந்தக் கட்டடத்தின் கொதிகலன்காரன்.
இருபத்திரண்டு குளிர்காலமாக
நாற்பது வீட்டுக்குச் சூடு அனுப்புகிறவன்.
எந்த வால்வு முனகும், எந்தக் குழாய் பொய் சொல்லும்,
காதை வைத்தே சொல்வேன்.
மூடியைத் திறந்தேன்.
படையே நடுங்கும் என்பார்கள்.
நடுங்கியது பாம்புதான்.
தலையை நடுவில் பதுக்கி
தன்னைத் தானே சுற்றிச் சுற்றி
ஒரு பந்தாகிவிட்டது, என் முஷ்டி அளவுக்கு,
கருப்பில் வெல்லப்பாகு சொட்டியது போல.

தலையணை உறையில் கட்டி, கோட்டுக்குள் வைத்து
அடித்தளத்துக்கு இறக்கினேன்.
லிஃப்டில் 2B பாவோலா அம்மாள்.
"டோர்வால், என் ரேடியேட்டர் மறுபடியும் செத்துவிட்டது."
"வருகிறேன்" என்றேன்.
என் விலாவருகே ஏதோ மெல்ல இடம் மாறி உட்கார்ந்தது.

பெட்டியின் ஒரு பக்கம் எண்பத்தெட்டு ஃபாரன்ஹீட்,
மறுபக்கம் எழுபத்தெட்டு.
இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள ஓர் இருட்டு.
ஈரப் பாசி ஒரு பிடி.
நாற்பது வீடும் சூடு, சூடு என்றுதான் கேட்கின்றன.
சூட்டிலிருந்து எழுந்து போக
ஓர் இடம் கேட்டது இது ஒன்றுதான்.

பனிப்பெட்டியில் வெனிலா ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில்
எலிகள், ரசீதோடு.
காப்பிக் கோப்பை வெந்நீரில் ஒன்றை இளக்கி
(அந்தக் கோப்பை இனி அதற்குத்தான்)
இடுக்கியில் பிடித்து ஆட்டுவேன்,
உயிர் இருப்பதுபோல், எனக்கே வெட்கமாக.
நாக்கு இரண்டு முறை வெளியே வரும்.
பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.
முதல் முறை. இரண்டாம் முறை.
மூன்றாவது எலியைக் குப்பையில் போட்டபோது
கொஞ்சம் கத்தினேன் என்று நினைக்கிறேன்.
குழாய்க்கடை நாள்காட்டியில் எடை:
நானூற்றுப் பன்னிரண்டு கிராம். நானூற்றெட்டு. நானூற்று மூன்று.
கடைப்பையன் சொன்னான், மாதக்கணக்கில்கூட இருக்கும்,
விட்டுவிடுங்கள், எட்டிப் பார்க்காதீர்கள்.
எட்டிப் பார்ப்பதுதானே ஐயா என் வேலை.

டெவின் ஒருநாள் போன் செய்தான்.
முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்றான்.
கிடைக்காது என்றேன்.
வேறு ஒன்றும் அவன் கேட்கவில்லை.
சாப்பிடுகிறதா என்று கேட்டிருந்தால்
பொய் சொல்லியிருப்பேன்.

மார்ச் மாதம், ஏரியில் பனி விரியும் சத்தம்
துப்பாக்கி போலக் கேட்ட இரவு.
இரண்டு மணிக்குக் கொதிகலனில் அழுத்தம் விழுந்தது.
இளகிய எலியை ஓட்டுத்துண்டின் மேல் அப்படியே போட்டுவிட்டு
ஓடினேன்.
பம்பைக் கழற்றி, திட்டி, மாட்டி,
நாற்பது வீடும் பழையபடி முனகத் தொடங்கியபின்
கரிக்கையோடு திரும்பினேன்.
ஓடு காலி.
அவள் நடுவில் ஒரு மேடு.

அஃறிணை எந்த நாளில் உயர்திணை ஆனது,
நாள்காட்டியில் அதை நான் குறிக்கவில்லை.
கோட்டைக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
சாப்பிட்டபின் இரண்டு நாள் தொடக் கூடாது.
தொடவில்லை.
கண்ணாடிவரை கை போனது, அவ்வளவுதான்.

காலையில் 2B.
கதவு திறந்ததும் சொல்லிவிட்டேன்:
"சாப்பிட்டுவிட்டாள்."
"யார்?" என்றார் பாவோலா அம்மாள்.
மண்டியிட்டு ரேடியேட்டரைத் தட்டிப் பார்த்தேன்.
உள்ளே காற்று சிக்கியிருக்கிறது.
சாவியைக் கால் சுற்றுத் திருப்பினேன்.
நீளமாக ஒரு சீறல்.