நாற்பத்தேழு ஹெர்ட்ஸ்

மைக் பென்சில் கனம்தான்.
என் தலை இருக்கவேண்டிய இடத்தில்
மூன்றுகால் ஸ்டாண்டின் மேல் அது இருக்கிறது.
நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் குனிந்து
மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டனைத் தட்டுகிறேன்.

தரைக்கடியில் லாரி உறுமுவதுபோல் தொடங்கி
ஊவென்று ஏறி
கொசுவாகி
நிற்கிறது.
வழியில் ஓரிடத்தில் பெனிற்றாவின் ஷோகேஸ் கண்ணாடி பதறியது.
கீழ்வீட்டு நாய் எழுந்து குரைத்தது.
பிறகு லேப்டாப்பில் எங்கள் அறை, ஒரே கோடாக:
மேடும் பள்ளமுமாய்
ஐப்பசி மழைக்குப் பிந்திய கருங்கல் – திங்கள்சந்தை ரோடு.
பத்தொன்பது வருடம் அதில் பஸ் ஓட்டியவனுக்கு
படிக்கத் தெரியாதா என்ன.

நாற்பத்தேழு ஹெர்ட்ஸில் பெருங்குழி.
பி.எஃப். கடன் எடுத்து
தம்மாமிலிருந்து திரும்பிய ரெஜின்தாஸிடம் வாங்கிய ஸ்பீக்கர்,
அதில் குறை இருக்கக் கூடாது.
குழியில் ஒன்பது டெசிபல் கொட்டினேன்.
கூம்பு இரைத்தது. ஆம்ப் சுட்டது.
குழி அப்படியே கிடந்தது.

அகலம் பன்னிரண்டடி.
போகும் அலையும் சுவரில் முட்டித் திரும்பும் அலையும்
நட்டநடுவில் ஒன்றையொன்று தின்கின்றன.
எவ்வளவு போட்டாலும் அவ்வளவும் தீனி.
நட்டநடுவில்தான்
அழகாக இருக்கட்டும் என்று
என் நாற்காலி.

இரண்டடி தள்ளிப் போட்டேன்.
குழி பாதி தூர்ந்தது.
இதைக் கற்க மூன்று வாரம்:
மேட்டை மட்டும் வெட்டு, பள்ளத்தோடு மல்லுக்கட்டாதே.
அதில் ஒரு வாரம் தகர ஷீட்டில் மழை.
பத்து நாள் கோயில் திருநாள்,
கொடியிறங்கும்வரை மைக் உறைக்குள்ளேயே கிடந்தது.

சக்கை பிசின் ஒட்டாமல் கையில் எண்ணெயோடு
பெனிற்றா வாசலில் வந்து நின்றாள்.
"இப்போ எப்படி?"
"முன்னயும் நல்லாத்தான் இருந்தது.
இங்க நிண்ணா நெஞ்சில வந்து இடிக்கும்,
அவ்வளவுதான்."

சுவரோரம்.
நான் குழியில் உட்கார்ந்து தேடிய நாற்பத்தேழு முழுவதும்
அவள் நிற்கும் இடத்தில் குவிந்துகிடந்திருக்கிறது,
இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல்.

ஸ்டாண்டைத் தூக்கி வாசலில் வைத்தேன்.
உயரம் அவள் காதுக்கு.
அங்கே ஐந்து அளவு, நாற்காலியில் நான்கு,
எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே திருத்தம்.
என் கோடு கொஞ்சம் கரடானது.
பரவாயில்லை, டயர் தாங்கும்.

சரிபார்க்கக் கடைசியாக ஒன்று.
எஞ்சின் பக்கத்து இடது காது
எட்டாயிரத்திலேயே இறங்கிவிட்டது.
வலது இன்னும் கொஞ்ச தூரம் போனது.
பிறகு அமைதி.
"முடிஞ்சுது," என்றேன்.

எண்ணெய் விரலை உதட்டில் வைத்து
தலையாட்டினாள் பெனிற்றா.
இல்லை, இன்னும் போகிறது.

நான் பேசியதில் அந்த அளவு பாழ்.
மறுபடி பட்டனைத் தட்டி
அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
எப்போது முடிகிறதென்று.