கட்டாயப் புலம்

இசாஃபியோர்தூரில் ஜனவரி பாதி கழிந்தும்
சூரியன் மலைக்கு அந்தப் பக்கமே நிற்கிறது.
கடல் மீட்புச் சங்கத்தின் கொட்டகையில்
ஆரஞ்சு மேலங்கிகள் ஆணியில் தொங்க,
ஈரக் கயிற்று வாசத்துக்கு நடுவே
மடிக்கணினியைத் திறந்தேன்.

சின்ன வேலைதான் என்றாள்
கணக்குப் பார்க்கும் சோல்ரூன்.
ஒரு பக்கம் இணையதளம்:
எவரும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம்,
காசு கேட்காத மென்பொருள்.
மறுபக்கம் ஆட்களின் பதிவேடு:
யார் படகில் ஏறுவார், யார் பணம் அனுப்புவார்,
யாரை இரவில் போனில் எழுப்பக் கூடாது.
இரண்டும் ஒரே கூரையின் கீழ்
எட்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள்.
நடுவில் சோல்ரூன்,
வெள்ளிக்கிழமைதோறும் இதில் பார்த்து
அதில் தட்டிக்கொண்டு.

முதல் நாள் எழுத்து காலை வாரியது.
தோர்கெர்தூரின் பெயருக்கு முன்னால் நிற்கும் முள்ளெழுத்து
பாலம் தாண்டியதும் கேள்விக்குறி ஆனது.
எந்த மொழியிலும் கணினி முதலில் கடித்துத் துப்புவது
அந்த மொழி தனக்கென்று வைத்திருக்கும் எழுத்தைத்தான்.
ழகரம் எழுதுகிறவர்களுக்கு
இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் நாள் குடும்பப் பெயர்.
இங்கே பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று கிடையாது.
அப்பன் பெயர், பின்னால் மகள் என்றொரு சொல்,
அவ்வளவுதான் ஆள்.
மென்பொருள் கண்டதா?
ஹால்பியோர்னின் மகள்கள் ஒன்பது பேரையும்,
ஹால்பியோர்ன் மூன்று பேர் என்று பாராமல்,
ஒரே வீட்டில் குடிவைத்து
ஒரே நன்றிக் கடிதம் அடித்துவிட்டது.
அதில் இருவர்
ஒரே பேருந்தில் ஏறாதவர்கள்.

சோதனைக்கென்று வைத்திருந்த கடிதம்
கை தவறி நானூறு பேருக்குப் போயிற்று.
சிலருக்கு இரண்டு முறை.
ஒருவர் மட்டும் பதில் போட்டார்:
"நான் இரண்டு பேர் என்று மனைவியும் சொல்கிறாள்.
பணத்தை மட்டும் ஒருவனிடம் கேளுங்கள்."

பிறகு கூட்டல்.
பழைய ஏட்டுக்கும் புதியதற்கும்
ஆயிரம் குரோனா இடித்தது.
இந்த ஊரில் அதற்கு ஒரு காப்பி வரும், கூடவே ஒரு ரொட்டி.
விட்டுத் தொலை என்றது கண்.
கை விடவில்லை.

பின்னிரவில் அகப்பட்டார்
குத்லேயிவூர்.
மின்னஞ்சல் இல்லாதவர்.
மின்னஞ்சல் கட்டாயப் புலம்,
பக்கத்தில் சிவப்பாய் ஒரு நட்சத்திரம்.
இணைப்பு அவரைத் தூக்கி ஓரம் போட்டுவிட்டு
ஒரு முனகல் கூட இல்லாமல்
அடுத்த ஆளிடம் போயிருந்தது.
ஒவ்வொரு பிப்ரவரி ஒன்பதாம் தேதியும்
இருபத்தாறு வருடமாக
ஆயிரம் குரோனா.
குறிப்பில் ஒரே சொல்:
கயிற்றுக்கு.

காலையில் சோல்ரூனிடம் கேட்டேன்.
சர்க்கரை போடாத காப்பியை
நெடுநேரம் கலக்கினாள்.
"கயிற்றில் இரண்டு பேர் இருந்தார்கள்,
மேலே வந்தது இவர்."

புலம் என்றால் தமிழில் வயலும்தான்.
வயலுக்கு வேலி வேண்டும், ஒத்துக்கொள்கிறேன்.
வேலியே ஆளை மேய்ந்தால்?

நட்சத்திரத்தைப் பிடுங்கினேன்.
நான்கு வரி நிரல்.
மின்னஞ்சல் இல்லையா, வா, உட்கார்.
போன் இல்லையா, வா.
யாரையாவது விட்டுவிட்டால்
வாய் திறந்து சொல்.
வேறு யாருக்காவது உதவுமே என்று
அந்த நான்கையும் பொதுக் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டு
மறந்துபோனேன்.

சூரியன் திரும்பிய நாள்
ஊர் முழுக்கக் காப்பியும் மெல்லிய அப்பமும்.
கொட்டகைச் சன்னலில் வெளிச்சம்
ஒரு தம்ளர் நேரம் நின்றுவிட்டுப் போயிற்று.
எல்லோரும் சன்னலோரம் போயிருக்க
நான் மட்டும் திரையில் பார்த்தேன்,
மொண்டெவிடியோவில் ஏதோ ஓர் உணவு வங்கியிலிருந்து
ஒடில்யா என்கிற பெண்
எழுதியிருந்தாள்:

உங்கள் நான்கு வரியைப் போட்டோம்.
எங்களிடம் பத்தொன்பது பேர் இருந்தார்கள்.