போயா லீவு

அக்கரையில் பௌர்ணமிக்குப் பள்ளிக்கூடம் பூட்டிவிடுவார்கள்.
போயா என்று பெயர் அதற்கு.
ஒன்பது வயதில் கப்பலேறி வந்தபோது
விட்டுவந்த சேவலுக்காகத்தான் அழுதேன்.
போயாவும் போய்விட்டது என்பது
பிறகுதான் தெரிந்தது.

சேரம்பாடியில் நிலாவுக்கு லீவு கிடையாது.
பௌர்ணமியோ அமாவாசையோ
ஏழரைக்குப் பெரட்டு.
ஆகவே நானே எடுத்துக்கொள்கிறேன்,
மாதம் ஒரு முறை, ராத்திரியில், அரை மணி நேரம்,
சம்பளப் பிடித்தம் இல்லாமல்.

பெரிதாக ஒன்றுமில்லை.
கதவை ஓசையில்லாமல் திறக்க வேண்டும்
(கீல் முனகும்; காலையிலேயே ஒரு சொட்டு எண்ணெய்).
செல்போனை அரிசி வாளிக்குள் புதைக்க வேண்டும்.
லயத்தின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல்
கொழுந்துச் சாக்கை நான்காக மடித்துப்போட்டு
உட்கார வேண்டும்.
யானை நடமாடுகிற இடம்.
கதவிலிருந்து பதினோரு அடி. அதற்குமேல் போவதில்லை.

முதலில் கைகள்.
புளிக்கும் எலுமிச்சைக்கும் மசியாத கறை.
நிலாவில் விரித்துப் பிடித்தால்
எது ரேகை, எது கொழுந்துச் சாறு
என்று பிரிக்க முடியாது.
பிறகு கால்கள்.
அட்டை கடித்த தழும்புகளை எண்ணுவேன்.
போன மாதம் பதினேழு.
எண்ணி என்ன ஆகப்போகிறது?
ஒன்றும் ஆகாது.
என் கணக்கு முழுக்க ஆபீஸில் இருக்கிறது,
கொஞ்சம் என்னிடமும் இருக்கட்டும்.

கடைசியாக ஓர் உண்மை.
வாய்விட்டுச் சொல்ல வேண்டும், தணிந்த குரலில்.
யாரிடம்? தொட்டியிடம்தான்.
பாதி நிறைந்த தொட்டி நல்லது,
சொன்னதை வாங்கி வைத்துக்கொண்டு
விடிந்ததும் பல் தேய்க்கத் திருப்பித் தரும்.

மாசியில் சொன்னேன்:
மருமகன் வந்து தங்கினால் எனக்குப் பிடிப்பதில்லை.
பங்குனியில்:
தனியாக இருப்பது நன்றாகத்தான் இருக்கிறது.
ஆடியில் நிலாவே இருக்காது.
தகரத்தின்மேல் மழை கொட்டும்,
காலண்டரை நம்பி உள்ளேயே உட்கார்ந்து சொல்வேன்.
அந்த இரைச்சலில் பொய் சொல்வது எளிது.
போன ஆடியில் ஒன்று சொல்லிவிட்டேன்.
ஆவணியில் திருத்தினேன்.

இந்த வைகாசிக்கு
முப்பது வருடமாகத் தள்ளிப்போட்டதை எடுத்தேன்.
தராசில் பூமாயி போட்ட ஒன்பது கிலோ
என் நம்பரில் ஏறிவிட்டது.
தப்பு எடைக்காரருடையது.
பூமாயி என்னைப் பார்த்தாள்.
நான் சாக்கை உதறிக்கொண்டிருந்தேன்,
அதில் உதற ஒன்றுமே இல்லை.

"பூமாயி, அன்னிக்கு" என்று ஆரம்பித்தேன்.

பலாமரத்தடியில் நிழல் நகர்ந்தது.
நிலா அப்படியேதான் நின்றது, நிழல் மட்டும் நகர்ந்தது.
ஒரு காது.
அப்புறம் ஒரு கொம்பு, வெள்ளையாக.
நான் எழுந்திருக்கவில்லை.
பதினோரு அடி என்பது அன்றைக்குப் பெரிய தூரமாக இருந்தது.
பழம் பிளந்த வாசனை என் மடிவரை வந்தது.
அது தின்றது,
அவசரமே இல்லாமல்,
லீவில் இருப்பவர்கள் தின்பது போல.

அது போனபின் சாக்கைச் சுருட்டினேன்.
சொல்ல வந்தது பாதி வாயிலேயே இருந்தது.

காலையில் தொட்டித் தண்ணீரில் வாய் கொப்பளித்தேன்.
போகவில்லை.
அரிசியைத் துழாவிப் போனை எடுத்தேன்.
திரையெல்லாம் தவிடு.
பூமாயி இப்போது திருப்பூரில், மகள் வீட்டில்.

"என்னடி விடியுமுன்னே? யாருக்கும் ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்லடி. ராத்திரி யானை வந்துச்சு.
பலாப்பழம் தின்னுட்டுப் போச்சு."

"பெரிய பழமா? எத்தனை கிலோ இருக்கும்?"

"ஒன்பது" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பெரட்டுக்கு மணி அடித்தது.
போனை வைக்காமல் நின்றேன்.