வரிசை எண் நானூற்றுப் பன்னிரண்டு

மேற்கு வர்ஜீனியா. மார்ச் மாதக் கடைசி.
டோலிவர் கவுண்டிப் பள்ளிகளின் கணக்கு அலுவலகத்துக்கு
ட்ரீமா ஸ்டிட்டம் ஆறரைக்கே வந்துவிட்டாள்.
ஹீட்டரைப் போடவில்லை.
மேல்கோட்டோடு உட்கார்ந்து
நீதிமன்றத்து உறையை ஓரமாக வெட்டுகிறாள்.
கிழிக்க மாட்டாள்.
உறையின் முதுகு கூட்டல் போட ஆகும்.

திவாலான நிலக்கரிக் கம்பெனி
யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று ஒரு பட்டியல்.
முதலில் வங்கி. அடுத்து வங்கியின் வக்கீல்.
கம்பெனியின் வக்கீல்.
வக்கீல்களுக்குக் கணக்கெழுதியவர்கள்.
டயர் விற்றவர், பெல்ட் விற்றவர்,
சுரங்க வாசலில் காபி மெஷின் வைத்தவர்.
விரலை வைத்துக்கொண்டே இறங்குகிறாள்.
பதினோராம் பக்கத்தில், நானூற்றுப் பன்னிரண்டாவதாக,
பள்ளிக்கூடம்.
மூன்று வருடச் சொத்து வரி.
எட்டு லட்சத்து முப்பத்தோராயிரம் டாலர்.

கொடுத்தவனும் கடன்காரன்
வாங்கியவனும் கடன்காரன் நம் மொழியில்.
குழப்பம் என்று நினைத்திருந்தேன்.
இந்தக் காகிதத்தைப் பார்த்தபின் அப்படியில்லை.
வாங்கியவன் கோட்டு மாட்டி நடுவில் உட்கார்ந்திருக்கிறான்.
வர வேண்டியது
வாளியைக் கையில் வைத்துக்கொண்டு
கூரைக்கடியில் நிற்கிறது.

வாளி சும்மா சொன்னதில்லை.
ஜிம்மில் ஏழு வாளிகள்.
மழை நாளில் பந்து விளையாடும் பிள்ளைகள்
வாளியைச் சுற்றி ஓடப் பழகி
வெளியூர் ஆட்டங்களில்கூட
இல்லாத வாளிக்கு ஒதுங்குகிறார்கள் என்று
கோச் சிரிக்காமல் சொன்னார்.

போன மே மாதம் வரியை உயர்த்த ஊரைக் கேட்டார்கள்.
அறுபத்தொரு ஓட்டில் தோற்றது.
கார்னெட் முல்லின்ஸ் சர்ச் ஹாலில் எழுந்து
இரண்டு வாக்கியத்துக்கு மூன்று முறை மூச்சு வாங்கினான்.
"நுரையீரல்ல பாதிய அந்த மலை எடுத்துக்கிச்சு.
மிச்சம் ஒரு வீடு. அதுக்கும் வரியா?"
யாரும் பதில் சொல்லவில்லை.
அடுத்த சனிக்கிழமை
சொந்த ஏணி, சொந்தத் தார் டின்னோடு வந்து
ஜிம் கூரைமேல் ஏறியவனும் அவன்தான்.
ஆறு படிக்கு ஒருமுறை நின்று நின்று.
அதற்கு முன் வாளிகள் பன்னிரண்டு.
ஓட்டையை அடைத்தான்,
ஓட்டைத்தான் தரவில்லை.
ட்ரீமாவுக்கு அவன்மேல் கோபப்படத் தெரியவில்லை.
முயன்று பார்த்தாள்.

இப்போது பதினான்காம் நம்பர் பஸ்.
அதை ஒன்பதோடு சேர்த்தால் ஒரு டிரைவர் மிச்சம்.
லிக் கிரீக் உச்சியில் இருக்கும் நான்கு பிள்ளைகள்
ஐந்து பத்துக்கு ரோட்டில் நிற்க வேண்டும்,
இருட்டில், கரடி வரும் வளைவில்.
பிரெஞ்சை ஏற்கெனவே டி.வி.க்கு மாற்றியாயிற்று.
நர்ஸ் செவ்வாய் மட்டும்.
செவ்வாய்க்கிழமை வயிற்றுவலி
அதிகம் என்று பதிவேடு சொல்கிறது.

பன்னிரண்டாம் பக்கம்:
இந்த வகுப்பினருக்கு டாலருக்கு ஒன்று புள்ளி ஒன்பது சென்ட்.
உறையின் முதுகில் பெருக்குகிறாள்.
பதினைந்தாயிரத்து எழுநூற்று எண்பத்தொன்பது.
மறுபடி பெருக்குகிறாள்.
எண்கள் நல்ல வளர்ப்பு, சொன்னதையே சொல்கின்றன.

ஆட்சேபம் சொல்லலாம்.
சொல்ல வக்கீல் வேண்டும்.
வக்கீலுக்கு மணிக்கு நானூறு.
நாற்பது மணி நேரம்கூட முழுசாகக் கோபப்பட முடியாது.

எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுகிறாள்:
பஸ் 14, டீசல், ஒரு வருடம்.
மீதிக்கு எதிரே பாய்லர் வால்வு என்று எழுதி
அழித்துவிட்டு
மறுபடி அதையே எழுதுகிறாள்.

'ஏற்கிறேன்' கட்டத்துக்குக் கீழே
கடன்காரர் கையொப்பம் என்று ஒரு கோடு.
பென்சிலில் இட்டால் செல்லாது.
அலுவலகத்தில் எழுதுகிற பேனா ஒன்றுதான்,
அது எங்கோ போயிருக்கிறது.

இழுப்பறையைத் துழாவும்போது
வெளியே ஏற்றத்தில் பதினான்கு வருகிறது.
கை நிற்கிறது.
இரண்டாம் கியர் ஒருமுறை வழுக்குகிறது.
இன்னொருமுறை.
பிடிக்கிறது.