வெற்றுக்குழாய்

பதினொரு குழாய்கள்.
சுண்டுவிரல் நீளம், ஒரு முனை அடைப்பு, மறுமுனை திறப்பு.
உள்ளே சல்லடைத் துண்டில் ஏதோ மருந்து தடவியிருக்கும்.
மின்சாரம் வேண்டாம், சத்தம் கிடையாது.
வாய் பிளந்து தலைகீழாய்த் தொங்குவதே வேலை,
வௌவால் மாதிரி, நான்கு வாரம்.

ஷா ஆலாம் ஆய்வுக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள்:
தரையிலிருந்து இரண்டரை மீட்டர்.
கையெட்டினால் பையன்கள் பிடுங்கிவிடுவார்கள்,
அதற்கும் மேலே என்றால் அது மனிதர் இழுக்கும் காற்று அல்ல.
குழாய்க்கு எட்டு வெள்ளி எனக்கு.
ஏணி என்னுடையது.

டோல் காசை மிச்சம் பிடிக்கத்
துறைமுகத்துக் கண்டெய்னர் எல்லாம்
எங்கள் சுங்கை மெலூருக்குள் நுழைந்துதான் போகும்.
செம்பனைக் குலை ஏற்றிய லோரி எதிரே வந்தால்
இரண்டும் முறைத்துக்கொண்டு நிற்கும், இஞ்சினை அணைக்காமல்.
இடையில் ரோஸ்னா அக்காவின் நாசி லெமாக் மேசை.
பொட்டலம் மடிக்குமுன் வாழையிலையை ஒரு தரம் துடைப்பாள்.
அந்தத் துணியை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது அவள் குடைக்கு மேலே.
ஐந்தாவது தமிழ்ப்பள்ளி வேலியில்; தலைமையாசிரியர்
"கேமராவா?" என்று கேட்டுச் சட்டையைச் சரிசெய்துகொண்டார்.
ஏழாவது, எங்கள் வீட்டெதிரே விளக்குக்கம்பத்தில்.
அதன் கீழேதான் சற்குணன் லோரியை நிறுத்துவார்.
என் வீட்டுக்காரர்.
துறைமுகத்தில் முறை வந்ததென்று எந்நேரமும் அழைப்பு வரும்.
வீட்டில் ஏர்கோன் இல்லை, லோரியில் உண்டு.
விடிய விடிய உறுமிக்கொண்டிருக்கும், அவர் தூங்குவார்.

ஏணியைப் பிடித்துக்கொண்டவரும் அவர்தான்.
"நான் எவ்வளவு, கப்பல் எவ்வளவுன்னு
பிரிச்சுச் சொல்லுமா இது?"
சொல்லாது என்றேன்.
செம்பனை மட்டைகளுக்கு அப்பால், கண்ணுக்கு எட்டாத கடலில்
முறைக்குக் காத்து நங்கூரமிட்ட கப்பல்களும்
இஞ்சினை ஓடவிட்டுத்தான் தூங்கும்.
பிற்பகலில் கடற்காற்று திரும்பினால்
கொடியில் காயும் பள்ளிச்சட்டை தீக்குச்சி வாசம் அடிக்கும்.

பதினொன்றாவதை வண்டிச் சத்தம் எட்டாத இடத்தில்
கட்டச் சொன்னார்கள், ஒப்பிட்டுப் பார்க்க.
இரண்டு நாள் தேடினேன்.
தோட்டத்து இடுகாடுதான் கிடைத்தது.

பன்னிரண்டாவது ஒன்று உண்டு,
மூடி திறக்கக் கூடாதது.
வெற்றுக்குழாய் என்பார்கள்.
எல்லா இடத்துக்கும் கூடவே வரும், எதையும் சுவாசிக்காது.
மற்ற நாளெல்லாம் குளிர்ச்சியில் இருக்க வேண்டும்.
எங்கள் ஐஸ்பெட்டியில் வைத்தேன்,
தோசைமாவுக்கும் துர்காஷினியின் இருமல் மருந்துக்கும் நடுவே.

முடிவு கைப்பேசிக்கு வந்தது.
கன மீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று.
ரோஸ்னா அக்கா ஐம்பத்து மூன்று.
பள்ளிக்கூடம் நாற்பத்தொன்று.
ஏழாம் கம்பம் அறுபத்தெட்டு.
இடுகாடு ஒன்பது.
ஊரில் நல்ல காற்று யாருக்கென்று தெரிந்துகொண்டேன்.

மறுநாள் அதிகாரி பேசினார், சின்ன வயது, நிதானமான மலாய்.
வெற்றுக்குழாயில் சுழியம் வரவேண்டும், ஆறு வந்திருக்கிறது.
திறந்தீர்களா?
இல்லை.
எங்கே வைத்திருந்தீர்கள்?
சொன்னேன்.
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் விசிறிச் சத்தம் மட்டும்.
"பரவாயில்லை. எல்லா எண்ணிலிருந்தும்
அந்த ஆறைக் கழித்துவிடுவோம். அதுதான் முறை."

கழித்தார்கள்.
ஒவ்வொரு தெருவிலிருந்தும் என் வீட்டை எடுத்துவிட்டு
அறிக்கை சுத்தமாக வந்தது.
இடுகாட்டுக்கு மூன்று மிச்சம்.

சற்குணனிடம் அறுபத்திரண்டு என்றுதான் சொன்னேன்.
"அது கூடுதலா குறைச்சலா?"
பதிலுக்குக் காத்திராமல் சாவியைத் திருப்பினார்.
தவளைச் சத்தம் கேட்டது, எத்தனையோ நாளுக்குப் பிறகு.
நாலு நிமிடம் இருக்கும்;
வேறொரு லோரி வந்து கம்பத்தடியில் நின்றது.

வெள்ளிக்கிழமை புதுப் பெட்டி வரும்.
பன்னிரண்டாவதை இம்முறை எங்கே வைப்பது?
ரோஸ்னா அக்கா வீட்டில் பெரிய ஐஸ்பெட்டி இருக்கிறது.
ஆனால் அவளும் இதே தெருதான்.