நூற்றுப்பத்து விநாடி

நான் வேலைக்கு ஏறும் நேரம்
மிஸ்தி எரிமலையின் தோளில் கொஞ்சம் வெயில் மிச்சமிருக்கும்.
கீழே அரெகிப்பா விளக்குப் போட ஆரம்பித்திருக்கும்.
கருவியின் மேல் கிடக்கும் துணியை எடுத்து,
குளிரூட்டி முனகுகிறதா என்று காது கொடுத்து,
கூரைக் கண்ணாடியில் எச்சம் இருந்தால் ஏணி போட்டுத் துடைத்து
(இதெல்லாம் சம்பளத்துக்குள் அடக்கம்)
பிறகு உட்கார்ந்து காத்திருப்பேன்,
இருநூற்றைம்பது கிலோமீட்டர் உயரத்திலிருந்து
ஒரு சிவப்பு இறங்கி வருவதற்கு.

கண்ணுக்குத் தெரியாது அது.
கருவிக்கு மட்டும் வளையம் வளையமாய்த் தெரியும்,
இந்த ஊர்ச் சிவப்பு வெங்காயத்தைக்
குறுக்கே அரிந்து வைத்தாற்போல.
வளையம் நகர்ந்தால் மேலே காற்று.
வளையம் தடித்தால் மேலே சூடு.
எண்ணூறு கெல்வின் என்று சொன்னதும்
லிமாவிலிருந்து வந்த மாணவன் ஒருவன் கேட்டான்,
அங்கே போனால் வெந்துவிடுவோமா?
விறைத்துச் சாவாய் என்றேன்.
ஒவ்வொரு அணுவும் கொதிக்கிறதுதான்,
உன்னைத் தொட்டுச் சூடேற்ற
அங்கே போதுமான ஆள் இல்லை.

அந்தச் சிவப்பு பிறப்பது இப்படி:
மின்னேறிய ஆக்சிஜன் மூலக்கூறு ஒன்று
வழியில் போகும் எலக்ட்ரானைப் பிடிக்கும்.
பிடித்த வேகத்தில் இரண்டாய் உடையும்.
உடைந்ததில் ஒரு பாதி
வாங்கின அதிர்ச்சியைச் சுமந்துகொண்டு
தன் வழியே போகும்.
அதை ஒளியாய் இறக்கிவைக்க
நூற்றுப்பத்து விநாடி பிடிக்கும்,
சுமாராக.

மற்ற ஒளிகள் எல்லாம் அவசரக்காரர்கள்,
இமைப்பதற்குள் கொட்டித் தீர்த்துவிடுவார்கள்.
இது மெல்ல.
இடையில் யார்மேலாவது இடித்துவிட்டால் போச்சு.
இங்கே தரையில்
ஒரு மூலக்கூறு விநாடிக்குப் பல நூறு கோடி முறை முட்டிக்கொள்கிறது.
இதே அணு இங்கே
ஒருநாளும் சிவக்காது.

எவாரிஸ்தோவுக்குச் செம்புச் சுரங்கத்தில் வேலை.
இருபது நாள் உள்ளே, பத்து நாள் வெளியே.
அந்தப் பத்து நாளும்
இப்போது வேறொரு வீட்டில்.
எனக்கு இரண்டு பிள்ளைகள், ஒரு தொலைபேசி.
அம்மா, காம்பஸ் பெட்டி எங்கே.
அம்மா, நாய் வாந்தி எடுத்துவிட்டது.
அம்மா, ருஃபினா என் தலையணையைத் தரமாட்டேன் என்கிறாள்.
அம்மா, ஒன்றுமில்லை, சும்மாதான்.
ஒரு வாரம் கணக்கெடுத்துப் பார்த்தேன்,
விழித்திருக்கும்போது எனக்குக் கிடைத்த
ஆக நீளமான தனிமை
எண்பத்தாறு விநாடி.
அதுவும் குளியலறையில்.

ஆகஸ்டில் ஓர் இரவு
தொலைபேசி மின்சாரம் தீர்ந்து செத்துக் கிடந்தது.
சூரியன் அந்நேரம் ஜாவா பக்கம் எங்கேயோ.
மேலே எல்லாம் ஆறிக்கொண்டிருக்க வேண்டும்.
பன்னிரண்டு மணிக்கு வளையங்கள் தடிக்க ஆரம்பித்தன.
கருவியைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன்.
லேசரைப் போட்டுப் பார்த்தேன்: அதன் வளையம்
நூல் பிசகாமல் நின்றது.
ஆகவே சூடு மேலேதான்.
பகல் பக்கத்திலிருந்து பூமியை இரு புறமும் சுற்றி வந்த காற்றுகள்
நள்ளிரவில் ஒன்றையொன்று நெருக்குவதால் என்கிறார்கள்.
முழுக் கதை அதுவல்ல என்றும் அவர்களே சொல்கிறார்கள்.
எனக்கு அன்றைக்குக் காரணம் வேண்டியிருக்கவில்லை.
வெயில் போய் ஆறு மணி நேரம் கழித்து
யாரும் கேட்காமல்
நூறு டிகிரி ஏறியிருக்கிறது.
அது போதுமாயிருந்தது.

வெளியே வந்தேன்.
வானம் கருப்பாகத்தான் இருந்தது.
ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன்.
இருபதுவரை நாயைப் பற்றி நினைத்தேன்.
நாற்பதில் நினைப்பதை விட்டேன்.
அறுபது தாண்டியதும்
நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று
இறங்கலாமா என்று கேட்பதுபோல்
விளிம்புக்கு வந்து நின்றது.

எழுபத்து மூன்று.
காவலாளி பீயோ மாமானி செருப்பை இழுத்தபடி வந்தார்.
"சீனியோரா சதுர்நீனா, சர்க்கரை எத்தனை?"

இரண்டு என்றேன்.
மூன்யா இலை போட்ட தேநீர்.
தகரக் குவளை சுட்டது, கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தேன்.
ஒளியாகாமல் போனது எங்கே போகும் என்று
அணுக்களுக்கு மட்டும் எனக்குத் தெரியும்:
இடித்தவரிடம் கொஞ்சம் சூடாய்ப் போகும்.
அவர் வெந்த மக்காச்சோளம் பாதி நீட்டினார்.
குளிர் அதிகம் இல்லை, இல்லையா, என்றார்.

உள்ளே போய்ப் பதிவேட்டில் எழுதினேன்:
பன்னிரண்டு பதினான்கு. மேகம் இல்லை.
வெப்பம் ஏறுமுகம்.