உறை

கிவிசில்லாவில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர்.
எல்லோரையும் தெரியும் எனக்கு,
முகத்தால் அல்ல.

தொலைக்காட்சியில் பாட்டுப் போட்டி நடக்கும் இரவு
விளம்பர இடைவேளைதோறும்
மீட்டர் முள் துள்ளும்.
குழந்தை பிறந்த வீட்டை
சல்லடையில் சிக்கும் ஈரத்துணி சொல்லிவிடும்.
ஒருமுறை ஒரு கல்யாண மோதிரம்.
கழுவி, கடையில் அறிவிப்பு ஒட்டினேன்.
கேட்டு வரவில்லை யாரும்.
இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது.

முஸ்தோயா என்றால் கறுப்போடை.
மேலே சதுப்பில் ஊறி
தேயிலைச் சாயத்தோடு இறங்குகிறது ஆறு.
கோடையில் வருகிறவர்கள் பாலத்தில் நின்று
என் பக்கம் விரல் நீட்டுவார்கள்.
சொல்லி ஓய்ந்துவிட்டேன்:
கறுப்பு ஆற்றினுடையது.
என் குழாயில் விழுவதுதான் தெளிவு.

அந்தத் தெளிவு என் கைவேலையும் அல்ல.
தொட்டியிலிருந்து ஒரு சொட்டு,
கண்ணாடிச் சில்லில் வைத்துக் குனிந்தால்
காம்பில் ஆடும் மணிகள்,
வாயைச் சுற்றிச் சுழலும் மயிர்கள்,
எப்போதாவது எட்டுக் காலோடு ஒரு நீர்க்கரடி,
அவசரமே இல்லாமல்.
சம்பளம் கேட்காதவர்கள்.
காற்று மட்டும் கொடுத்தால் போதும்,
ஊர் உதறியதை எல்லாம் உண்பார்கள்.

ஜனவரி. மைனஸ் இருபத்திரண்டு.
இரவு மூன்றுக்கு அலாரம் எழுப்பியது.
கதவைத் திறந்ததுமே மூக்குக்குப் புரிந்தது:
புளிப்பு.
சீஸ் ஆலையின் பிழிநீர், ஒரு முழுத் தொட்டி.
காற்றாடிகள் முழு வேகத்தில் இரைந்தும்
ஆக்சிஜன் முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது.
வெள்ளை நுரை விளிம்பேறி
கைப்பிடிக் கம்பியிலேயே உறைந்தது.

காலையில் சொட்டைப் பார்த்தேன்.
மணிகள் காம்போடு கிடந்தன.
பால் குடித்துச் செத்த ஊர்.

என்ன செய்வது,
தயிர் கெட்டுப்போனால் என்ன செய்வோமோ அதைத்தான்.
பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்,
கொஞ்சம் உறைமோர் இருக்கிறதா என்று.

பக்கத்து வீடு நாற்பது கிலோமீட்டர்.
டேங்கர் ஓட்ட வந்தவன் ராய்கோ,
ஆலையில் இரவு வேலை பார்க்கிறவன்.
நான் கூப்பிடவில்லை. தானாக வந்து
சாவிக்குக் கை நீட்டினான்.
வழியெல்லாம் பைன் மரங்கள், பனி.
ஒருமுறை மட்டும் தொண்டையைச் செருமினான்.
நான் ஹீட்டரைக் கூட்டினேன்.

லேபிகுவில் ஹெல்துர் கதை கேட்கவில்லை.
"எவ்வளவு?"
"பத்து கன மீட்டர்."
"பன்னிரண்டு எடுத்துக்கொள்."
பழுப்புக் குழம்பு, மழை நனைத்த மண்ணின் வாசம்.
அப்படி ஒரு வாசத்துக்காக
கண் கலங்கும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஊற்றினோம்.
காத்திருப்பதற்குக் கருவி கிடையாது.
குழாய்வாயில் எங்கள் வெதுவெதுப்பால்
பனி மூடாத ஒரு துண்டு நீர் உண்டு,
அங்கே தினமும் வரும் நீர்நாய்
நான்கு நாளாக வரவில்லை.
பாலத்தில் இரண்டு மீன்காரர்கள்
துளை போட்டு, முகர்ந்து,
துளையை விட்டுவிட்டுப் போனார்கள்.
நகராட்சியிலிருந்து உர்மாஸ் மூன்று முறை கேட்டார்:
யார்?
பதில் பதிவேட்டில் வரும் என்றேன்.

ஆறாம் நாள் சில்லில் ஒன்று.
ஒன்றே ஒன்று.
காம்பு சுருங்கியது, விரிந்தது, சுருங்கியது.
ராய்கோவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
நெடுநேரம் ஒற்றைக் கண்ணோடு நின்றான்.
"லேபிகுக்காரனா இது?" என்றான்.
"இனிமேல் நம்மூர்க்காரன்."

பதிவேட்டில் எழுதினேன்:
ஆலை வால்வு திறந்திருந்தது, 2.40 மணி.
திறந்தவர் என்ற கட்டத்தில்
பேனா சற்று நின்றது.
வெளியே பனிமேல் புதுத் தடம்,
ஐந்து விரலும் நடுவே வால் இழுத்த கோடும்,
குழாய்வாய் வரை போய்
தண்ணீரில் முடிந்திருந்தது.

கட்டம் இன்னும் காலியாகவே இருக்கிறது.
உர்மாஸ் நாளைக்கும் கேட்பார்.